தங்கச்சியின் போனில் வந்த ஆறு இலக்கம்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. யார் மேல் என்பதைத்தான் மறைத்து வைத்திருந்தேன்.

என் சித்தி மகள் மேல். என்னைவிடப் பதினொரு வயது இளையவள். அவளுக்குக் கீபோர்டில் எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுத்தவள் நான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

பலாபத்வலையில் மெயின் ரோட்டோரம் ஒரு கொமினிகேஷன் கடையில் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறேன். ஃபோட்டோ கொப்பி, ரீலோட், லெமினேட்டிங் எல்லாம் உண்டு என்றாலும் என் வேலை டைப்பிங். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் அடிப்பேன். ஐடென்டி கார்ட் தொலைந்த கடிதம், காணித் தகராறுக் கடிதம், வேலைக்குப் போடும் பயோடேட்டா, பெண் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கும் பயோடேட்டா என்று எதைக் கொண்டுவந்தாலும் அரசாங்கக் கச்சேரிக்குப் போய்த் திரும்பி வராதபடி அடித்துக் கொடுப்பேன். முதலாளியை எல்லோரும் நானா என்போம், கோபக்காரர். அவரே பதினான்கு வருஷத்தில் என் வேலையில் ஒரு பிழை காட்டியதில்லை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த மகளைச் சித்தி அந்தக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். "நீயே ஏதாவது பழக்கி விடும்மா" என்றாள். பழக்கி விட்டேன். என் நாற்காலியில் உட்கார வைத்துப் பழக்கினேன். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பழகியவள் கடைப் பக்கம் வேலை தேடவில்லை. தேயிலைத் தோட்டத்திலேயே, மலைமேல் இருக்கும் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, இன்டர்நெட்டில் வேலை எடுக்கத் தொடங்கினாள். வெளிநாட்டுக்காரர்கள் வேலை போடுகிற, நம்மைப் போன்றவர்கள் கேட்டு வாங்கிச் செய்கிற ஒரு தளம். மொழிபெயர்ப்பு, பேச்சைக் கேட்டு எழுத்தாக அடிப்பது, இப்படி. வேலை முடிந்ததும் கொடுத்தவர் ஸ்டார் போட்டு இரண்டு வரி எழுதுவார். நாலு வருஷத்தில் அவள் பக்கம் முழுக்க ஸ்டார். அந்த ஸ்டாரைப் பார்த்துத்தான் அடுத்தவர் வேலை கொடுப்பார். அவள் அப்பா, என் சித்தப்பா, கராம்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபிறகு வேலைக்குப் போகவில்லை. சித்திக்கு மூட்டு வலி, மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியாது. அதனால் அந்த எக்கவுண்ட்தான் அந்த வீட்டுக்கு அடுப்பு, அதுதான் மருந்து. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பிற்பாடு யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எனக்கு எரிச்சல் அவள் சம்பாத்தியத்தில் அவ்வளவாக இல்லை. அவளுடைய நாற்காலியில். சக்கரம் வைத்த, முதுகுக்கு வலை போட்ட கறுப்பு நாற்காலி. மாத்தளை டவுனில் வாங்கி, ஆட்டோவின் பின்சீட்டில் நட்டுக்குத்தாக நிறுத்தித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாள். லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்களாம். அதில் உட்கார்ந்து, தலையில் ஹெட்போன், கையில் பிளேன்டீ, கண்ணை எடுக்காமல், "ஒரு நிமிஷங்க்கா, கிளையன்ட் லைன்ல இருக்காரு" என்பாள். கிளையன்ட்டாம். எனக்கு வருகிறவர்கள் எல்லாம் "நோனா, ரெண்டு கொப்பி" என்பவர்கள். புது வேலை வந்தால் அவள் கொம்பியூட்டரில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இது எத்தனாவது என்று எண்ணிக்கொள்வேன்.

போதாததற்கு என் வீட்டுக்காரர். "அவகிட்டயே கேட்டுப் பாரேன், உனக்கும் ஒரு வழி காட்டுவா." சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்த வேகத்தில் பருப்பு மேசையில் சிந்தியது.

ஆனாலும் கேட்டேன். பொறாமைக்காரிக்கு மானம் கொஞ்சம் குறைவு. அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கும் ஒரு எக்கவுண்ட் திறந்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மேலே போவேன். பழைய லெப்டொப்பை எனக்குத் தந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவாள். சுவரில் ஒரு காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, சிவப்புப் பேனாவால் நாலு வரி எழுதியிருந்தாள். தளத்தை விட்டு வெளியே வந்து பேசு என்பவனிடம் பேசக் கூடாது. சாம்பிள் என்று கேட்டால் ஒரு பக்கத்துக்கு மேல் செய்து கொடுக்கக் கூடாது. வேலை கிடைக்க நாம் காசு கட்டக் கூடாது. போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை யாருக்கும் சொல்லக் கூடாது. இந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"ஆரம்பத்துல எனக்கு ரெண்டு தடவ அடிச்சிட்டாங்கக்கா," என்றாள். "நாப்பது பக்கம் சாம்பிள்னு வாங்கிக்கிட்டு ஆளே காணாமப் போயிட்டான். நீங்க அப்பிடி ஏமாந்துறக் கூடாது."

நான் தலையாட்டினேன். மனசுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? மற்றவர்கள் உள்ளே வராமல் இருக்கத்தான் இவள் வேலி போடுகிறாள் என்று.

மூன்று மாதம். எழுபதுக்கு மேல் வேலை கேட்டு எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. "மொதல் ஸ்டார் விழுற வரைக்குந்தான்க்கா கஷ்டம்" என்பாள். அவளுக்கு 'டிங்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். என் பக்கத்தில் அவள் வேண்டுமென்றே ஏதோ பிழையாகப் போட்டுவிட்டாளோ என்று சந்தேகம் வந்து, ஒரு நாள் கடையில் ஆளில்லாத நேரம் அதை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ஒரு ஞாயிறு, பகல் பத்து மணி இருக்கும். சித்தப்பாவை வெயிலில் உட்கார வைக்க அவள் வெளியே போனாள். அவள் கொம்பியூட்டரில் 'டிங்'. எட்டிப் பார்த்தேன். பெரிய வேலை. இங்கிலீஷிலிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும், மாதாமாதம், ஒரு வருஷத்துக்கு. விபரத்துக்கு இந்த நம்பரில் பேசுங்கள் என்று ஒரு போன் நம்பர். கை தானாகவே பேனாவை எடுத்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மூன்று மொழிக்காரி நான். அவள் சிங்களத்தில் எழுதினால் என்னிடம் காட்டிச் சரி பார்த்த காலமும் உண்டு.

உள்ளே வந்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். அது மறைந்துவிட்டது.

"ஏதும் புது வேலையா?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"இல்லக்கா, ஒண்ணுமில்ல."

பார்த்தீர்களா! என் முகத்துக்கு நேரே. அன்றைக்கு மலைப்பாதையில் இறங்கி வரும்போது, மிளகுக் கொடிகளுக்கு நடுவே தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன். நாற்காலி கொடுத்தவள் நான். விரல் பிடித்துக் காட்டியவள் நான். வேலை வந்தால் ஒண்ணுமில்லையாம். பஸ் ஏறும் வரை உள்ளங்கையை மூடியே வைத்திருந்தேன், வியர்வையில் நம்பர் அழிந்துவிடுமோ என்ற பயம்.

தங்கச்சிக்கு வந்த வேலையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன் என்று அந்த நம்பருக்கு எழுதினேன். இங்கிலீஷில்தான் தொடங்கினேன். தமிழில் பதில் வந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேடுவதால் தமிழிலேயே பேசிப் பார்க்கிறோம் என்றார். கொஞ்சம் விறைப்பான தமிழ்தான், ஆனால் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டது. பதினான்கு வருஷத்தில் என்னை மேடம் என்று கூப்பிட்டவர் யாருமில்லை. அவரை நான் 'சார்' என்றேன்.

சார் சாம்பிள் கேட்டார். பன்னிரண்டு பக்கம். கோழிப் பண்ணைக்காரர்களுக்கான ஒரு கைநூல், கோழிக்கு வரும் நோய்கள் எல்லாம் அதில். சிவப்புப் பேனாவின் இரண்டாவது வரி ஞாபகம் வந்தது. அது அவளுக்குப் போட்ட சட்டம், எனக்கென்ன என்று கடையில் உட்கார்ந்து அடித்தேன். லக்கலையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். யானை சமையலறைச் சுவரை இடித்துவிட்டது, நஷ்டஈட்டுக்கு விண்ணப்பம் அடிக்க வேண்டும். பஸ் போய்விடும் நோனா என்று சிங்களத்தில் மூன்று தரம் சொன்னார். இதோ, இதோ என்று கோழிக் கழிச்சலை முடித்தேன். கடைசியில் அவர் விண்ணப்பத்தை அரைகுறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். முதலாளி நானா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சார் மறுநாளே பதில் போட்டார். "மிகச் சிறப்பு. உங்கள் தங்கையின் வேலையையும் பார்த்திருக்கிறோம். அவரைவிட நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள்."

அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் வாசித்தேன். அரிசி களையும்போது போனைச் சட்டிப் பலகையில் சாய்த்து வைத்து வாசித்தேன். யாராவது ஒருவர் இதைச் சொல்ல வேண்டும் என்று நாலு வருஷம் காத்திருந்திருக்கிறேன், சொல்லிவிட்டார். ஆளைத் தெரியாது, முகம் தெரியாது. அதனாலேயே உண்மை என்று பட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. உடனே எழுதினேன்: "அவளுக்குத் தொழில் பழக்கியது நான். அவள் வேலையில் பிழை நிறைய. நான்தான் திருத்திக் கொடுக்கிறேன்." ஆரம்பத்தில் சிங்களத்தைக் காட்டிக் கேட்பாள், அவ்வளவுதான்; திருத்திக் கொடுத்ததெல்லாம் கிடையாது. அவள் வேலையில் நான் ஒரு பிழையும் கண்டதில்லை, ஒவ்வொரு ஞாயிறும் தேடியும்.

பிறகு சார் விஷயத்துக்கு வந்தார். வேலை மேடத்துக்குத்தான். ஆனால் கம்பெனிச் சட்டப்படி ஸ்டார் உள்ள எக்கவுண்டுக்குத்தான் கொடுக்க முடியும். தங்கையின் எக்கவுண்டில் உங்கள் பெயரையும் இரண்டாவதாகச் சேர்த்துவிடுவோம். சேர்க்கும்போது அவருடைய போனுக்கு ஆறு இலக்கம் வரும். அதை அனுப்பினால் போதும். முதல் சம்பளம் கையில் வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம், தங்கையிடம்கூட.

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். யாரிடமும் சொல்லாதே என்றவுடனே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்பார்கள். எனக்கு நேர்மாறாக நம்பிக்கை வந்தது. எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்தை அப்படித்தான் செய்வோம். வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கும்வரை வாயைத் திறக்க மாட்டோம், கண்ணூறு பட்டுவிடும் என்று. பக்கத்து வீட்டுப் பெண் குவைத்துக்குப் போனது பிளேன் ஏறி மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரியும். இவளும் இந்தத் தளத்தில் வேலை செய்கிறாள் என்பதை எனக்குச் சொன்னது ஆறு மாதம் கழித்துத்தான். அந்தக் கோபமும் எனக்கு உண்டு. ஆகவே சார் அப்படிச் சொன்னதும், இவர் நம் வீட்டு வழக்கம் தெரிந்த மனுஷர் என்று நினைத்தேன். யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தால்கூட, அவர் சிரித்திருப்பார், நான் தப்பியிருப்பேன். கண்ணூறுக்குப் பயந்து மூடிய வாய் எங்கள் பக்கத்தில் எத்தனை கள்ளர்களுக்கு வசதியாகப் போயிருக்கிறதோ.

அடுத்த ஞாயிறு. அவளுடைய போன் பிரிட்ஜின் மேல் சார்ஜில் கிடந்தது. அவள் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கொடிக்கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. சித்தி அடுப்படியில் பலாக்கொட்டை வதக்கிக்கொண்டிருந்தாள். நான் சாருக்கு 'இப்போது' என்று அனுப்பினேன். அரை நிமிஷத்தில் அவள் போன் ஒரு அதிர்வு அதிர்ந்தது. பூட்டிய திரையிலேயே ஆறு இலக்கமும் தெரிந்தது.

சுவரில் காலண்டர் தாள் எனக்கு நேரே இருந்தது. நாலாவது வரி, இரண்டு கோடு. அதைப் பார்த்துக்கொண்டேதான் அனுப்பினேன். இது எனக்குத் தெரியாமல் நடந்த காரியமில்லை. அவளுக்குத் தெரியாமல் அவளுடையதில் எனக்கு ஒரு பங்கு வேண்டும் என்றிருந்தது. பங்கு என்றுகூட இல்லை. அந்த நாற்காலியில் நானும் உட்கார வேண்டும்.

பலாக்கொட்டைக் கறியோடு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

திங்கள் மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. "அக்கா, என் எக்கவுண்டுக்குள்ள போக முடியலக்கா. பாஸ்வேர்ட மாத்திட்டாங்க. பழைய கிளையன்ட் ரெண்டு பேரு மெயில் அனுப்பிக் கேக்குறாங்க, நீ எதுக்கு எங்ககிட்ட அட்வான்ஸ் கேட்டு எழுதினேன்னு. நான் எழுதலக்கா, சத்தியமா நான் எழுதல." மூச்சு விடாமல் சொன்னாள். அவளுக்கு ஏதோ ஆறுதல் சொன்னேன். போனை வைத்துவிட்டுச் சாருக்கு எழுதினேன். போகவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். அந்த நம்பர் பாவனையில் இல்லையாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், அசிங்கமாக இருந்தாலும். அந்த நேரத்திலும், போனில் அவள் விம்மியதைக் கேட்டபோது, என் மனசின் ஒரு மூலையில் ஒரு நிம்மதி வந்தது. இனி 'டிங்' சத்தம் இல்லை. ஒரு நிமிஷம்தான் இருந்திருக்கும். பிறகு சித்தப்பாவின் மருந்து ஞாபகம் வந்தது, பயம் வந்தது.

செவ்வாய் பின்னேரம் அரை நாள் லீவு போட்டு மேலே போனேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தளத்துக்காரர்கள் பதில் போட்டிருந்தார்கள். எனக்கு வாசித்துக் காட்டினாள். உங்கள் போனுக்கு வந்த இலக்கத்தைச் சரியாக அடித்துத்தான் ஒருவர் உள்ளே போயிருக்கிறார். அதை யாருக்காவது கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அந்தப் பேச்சு முழுவதையும் அனுப்புங்கள், விசாரிக்கிறோம். இல்லையென்றால் இந்த எக்கவுண்டை மூடுவதைத் தவிர வழியில்லை.

"நான் யாருக்குமே குடுக்கலியேக்கா," என்றாள். "வீட்டுலயும் நம்ம ஆளுங்க மட்டுந்தானே இருந்தோம்."

அந்தப் பேச்சு முழுவதும் என் கைப்பைக்குள் இருந்தது. அவள் எக்கவுண்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒரே சாமான். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரம் சித்தி தேங்காய்ச் சிரட்டை நெருப்பை வாசலில் வைத்தாள். கண்ணூறுதான், வேறொன்றுமில்லை என்று அவளுக்குத் தீர்மானம். உப்பு, கடுகு, ஏழு செத்தல் மிளகாய். மகளைச் சுற்றி, கொம்பியூட்டரைச் சுற்றி, நாற்காலியைச் சுற்றினாள். கையை எல்லோரிடமும் நீட்டினாள். "மூணு தரம் துப்பு." சித்தப்பா துப்பினார். நானும் துப்பினேன். அத்தனையையும் நெருப்பில் போட்டாள். கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பது எங்கள் கணக்கு.

நெடி அடித்தது. அப்படி ஒரு நெடி. சித்தப்பா இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டது. சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நம்பாமல் நெருப்பையே பார்த்தாள். பிறகு அவளாகவே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். "அடுத்த காம்பரா வீட்டுக்காரிதான். போன கெழம வந்து, இந்த நாக்காலி எவ்வளவுன்னு கேட்டா. அவ கண்ணுக்கு மொளகா பத்தாது. காலையில போயி நாலு வார்த்த கேக்காம விட மாட்டேன்."

பழி வேறு வீட்டுக்குப் போகிறது. எனக்கு நல்லதுதானே? சும்மா இருந்தேன். தங்கச்சிதான் இருமலுக்கு நடுவே சொன்னாள்: "யாரையும் சொல்லாதீங்கம்மா. என் தப்பாத்தான் இருக்கும். தூக்கக் கலக்கத்துல நானே எங்கயாவது அமுக்கியிருப்பேன். அக்காகிட்ட அவ்வளவு சொல்லிட்டு நானே ஏமாந்திருக்கேன் பாருங்க."

நல்லவளாக இருப்பதிலும் இவள் என்னை முந்திக்கொண்டாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. அந்தப் பொறுக்காமைதான் என் கையைப் பைக்குள் விட்டது என்று நினைக்கிறேன். போனைத் திறந்து, சாருடைய பேச்சை முதலிலிருந்து எடுத்து, அவள் மடியில் வைத்தேன். "நான்தான்" என்றேன். இருமல் வந்தது.

அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். நம்பரைக் கண்டதும் நிமிர்ந்தாள். "இது கள்ளன் நம்பருக்கா. அன்னைக்கே ரிப்போட் பண்ணிட்டு அழிச்சேனே. நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க." ஒண்ணுமில்ல என்று அவள் சொன்னது ஒன்றுமில்லாததைத்தான். மறுபடி குனிந்து படித்தாள். "அவரைவிட நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள்" என்ற இடத்தில் விரல் நின்றது. அதற்குக் கீழே நான் எழுதியிருந்ததில் இன்னும் அதிக நேரம் நின்றது. சித்தி "என்னடி, என்னடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எக்கவுண்ட் திரும்பி வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம்தான் வந்தது. அதுவரை அந்த வீட்டுக் கடைச் சாமானை நான் வாங்கிக் கொடுத்தேன். அதைச் சித்தி கையால் வாங்கினாள், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கிளையன்ட் திரும்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போது மேலே போவதில்லை. பலாபத்வலை பஸ் நிறுத்தத்தில் கண்டால் "சாப்பிட்டீங்களாக்கா" என்று கேட்பாள். எல்லோரிடமும் கேட்பது போலத்தான். என் எக்கவுண்ட் இன்னும் இருக்கிறது, அவள் திறந்து கொடுத்ததுபோலவே, ஒரு ஸ்டாரும் இல்லாமல்.

ஆனால் அன்றைக்கு விளக்கு வைத்த நேரம் நடந்தது இது. அவள் போனை மூடி, நாற்காலியை விட்டு எழுந்தாள். அதை என் பக்கம் தள்ளினாள். சக்கரம் சிமெந்துத் தரையில் கடகடவென்று உருண்டு என் முழங்காலில் வந்து முட்டியது.

"உக்காருங்க. இதெல்லாம் தமிழ்ல இருக்கு. அவங்களுக்கு இங்கிலீஷ்ல வேணும். நீங்களே பண்ணுங்க."

உட்கார்ந்தேன். முதுகு வலை நன்றாகத்தான் இருந்தது. சார் எழுதியதையும் நான் எழுதியதையும் வரி வரியாக இங்கிலீஷில் அடித்தேன். மொத்தம் ஆறு பக்கம். அந்தத் தளத்துக்காக நான் செய்து முடித்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான். வாசலில் மிளகாய் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், முன்னொரு காலத்தில் கடையில் நான் அவளுக்குப் பின்னால் நின்றதுபோல. முடித்ததும் குனிந்து, தமிழையும் இங்கிலீஷையும் மாற்றி மாற்றி ஒத்துப் பார்த்தாள். நாலாவது பக்கத்தில் விரலை வைத்தாள்.

"அக்கா, இங்க நீங்க எழுதினது 'அவள் வேலையில் பிழை நிறைய'ன்னு. இங்கிலீஷ்ல 'கொஞ்சம்'னு போட்டிருக்கீங்க."

அந்த வரிக்குக் கர்சரைக் கொண்டுபோனேன்.

"உள்ளத உள்ளபடி போடணும்க்கா. இல்லாட்டி நம்ப மாட்டாங்க."

கொஞ்சத்தை அழித்துவிட்டு, நிறைய என்று அடித்தேன். அவள் இன்னொரு தரம் பார்த்தாள்.

"இப்ப சரி," என்றாள். எனக்கு மேலாகக் கையை நீட்டி, அவளே அதை அனுப்பினாள்.